விஞ்ஞான உபாத்தியாயர் வேலை எதற்கு?

(நடுநிலைப் பள்ளி விஞ்ஞான உபாத்தியாயர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம், நடுநிலைப் பள்ளியில் விஞ்ஞானம் போதிக்கும் உபாத்தியாயருக்குத் தம் வேலையில் பற்றும் ஊக்கமும் உண்டாவது எப்படி என்பதாகும். இம்மாதிரிக் கூட்டங்களில் பேச வருகிறவர்கள் சாதாரணமாக என்ன சொல்லுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உபாத்தியாயர் வேலை புனிதமான வேலை என்பார்கள். குருவானவர் தெய்வத்துக்குச் சமானம் என்பார்கள். மெழுகுவர்த்தி தன்னை உருக்கிக்கொண்டு பிறருக்கு வெளிச்சம் கொடுக்கிறது என்பார்கள். கேட்கிற நாமும் கை தட்டிவிட்டு, மறுநாள் காலையில் பழையபடியே வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். மெழுகுவர்த்தி உருகிப்போனால் இருட்டுத்தான் மிச்சம் என்பதை அப்படிப் பேசுகிறவர்கள் யோசிப்பதில்லை.

இந்தப் புகழ்ச்சி நமக்கு வேண்டியதில்லை என்பது மாத்திரமல்ல, விஞ்ஞான உபாத்தியாயரைப் பொறுத்தவரையில் அது கெடுதலானது என்றே நாம் சொல்லுகிறோம். ஏனெனில், குரு தெய்வமானால் அவர் சொல்லை யார் கேள்வி கேட்பது? கேள்வி கேட்காத பிள்ளைக்கு விஞ்ஞானம் எப்படி வரும்? நம் நாட்டுக் கதையில் ஒரு குரு இருந்தார். அவர் சொல்லிக் கொடுக்க மறுத்த வேடர் குலப் பையன் தானாகவே கற்றுக்கொண்டான். அவன் கற்றுக்கொண்டது தெரிந்ததும் அந்தக் குரு கேட்ட தட்சணை அவனுடைய கட்டைவிரல். குருபக்திக்கு இதை ஒரு பெருமையான உதாரணமாக இன்னும் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் விஞ்ஞானமோ விரலால் தொட்டுப் பார்த்துக் கற்கும் வித்தை. விரலைக் கேட்ட குருவின் வழி வேறு, விரலுக்கு வேலை கொடுக்க வேண்டிய நம் வழி வேறு.

ஆகவே, புகழ்ச்சியை ஒதுக்கிவிட்டு உண்மை நிலையைப் பார்ப்போம்.

நம்மில் அனேகருக்கு ஏன் சலிப்பு உண்டாகிறது? பதிவேடுகளும் புள்ளி விவரங்களும் ஒரு காரணம். பரீட்சை ஒரு காரணம். இவை இரண்டைக் காட்டிலும் பெரிய காரணம் ஒன்று இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அதாவது, நாம் சொல்லிக் கொடுப்பது விஞ்ஞானமே அல்ல என்பது நம் மனதுக்கே தெரிந்திருப்பதுதான். “பிராணவாயு எரிவதற்குத் துணை செய்யும்” என்று புத்தகத்தில் இருக்கிறது. அதை நாம் வாசிக்கிறோம், பிள்ளைகள் எழுதிக்கொள்ளுகிறார்கள், பரீட்சையில் திரும்ப எழுதி மார்க்கு வாங்குகிறார்கள். இதற்கும், அர்த்தம் தெரியாமல் சுலோகம் உருப்போடுவதற்கும் என்ன வித்தியாசம்? பாஷை மாறியிருக்கிறதே ஒழிய முறை மாறவில்லை.

நாம் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானச் சாமான்கள் இல்லாமலில்லை. சோதனைக் குழாய், பூதக்கண்ணாடி, காந்தம் எல்லாம் ஓர் இரும்பு அலமாரியில் இருந்தன. அந்த அலமாரி பூட்டியிருக்கும். சாவி கேட்டால், “உடைந்தால் யார் பதில் சொல்லுவது?” என்பதுதான் பதில். தணிக்கைக்கு வருகிறவர்கள் அலமாரியைத் திறந்து, எண்ணிக்கை சரியாக இருக்கிறதென்று எழுதிவிட்டுப் போவார்கள். ஒரு கண்ணாடிக் குழாய் உடைந்தால் கணக்கு எழுத ஏடு இருக்கிறது. அதைத் தொடாமலேயே எட்டாவது வகுப்பைத் தாண்டிப் போன பிள்ளையின் ஆசை உடைந்ததற்குக் கணக்கு எழுத எந்த ஏடு இருக்கிறது? இப்படிப்பட்ட பள்ளிக்கூடம் அது ஒன்றுதான் என்று நீங்கள் யாரும் சொல்லமாட்டீர்கள் என்று நினைக்கிறோம்.

இது நிற்க. நடுநிலைப் பள்ளிக்கு மட்டும் என்ன விசேஷம் என்று கேட்கலாம். ஆறாவது முதல் எட்டாவது வரையில் படிக்கிற பிள்ளைக்குப் பதினொன்று முதல் பதின்மூன்று, பதினான்கு வயதாகிறது. அதற்கு முன்னால் பெரியவர்கள் சொன்னதை அப்படியே நம்புகிற வயது. அதற்குப் பின்னால் பொதுப் பரீட்சை என்கிற பூதம் பிடித்துக்கொள்ளுகிறது. இடையில் இருக்கிற மூன்று வருஷந்தான், “ஏன்? எப்படி? உமக்கு எப்படித் தெரியும்?” என்று பிள்ளை துணிந்து கேட்கிற காலம். பெரிய படிப்புக்குப் போகாமலே நின்றுவிடுகிற பிள்ளைகளுக்கோ, இந்த மூன்று வருஷத்தில் கேட்டதுதான் ஆயுளுக்கும் கேட்ட விஞ்ஞானம். அந்தப் பிள்ளைதான் நாளைக்கு ஓட்டுப் போடுகிறவன். நாளைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரிக்குப் போவதா, மந்திரிக்கப் போவதா என்று முடிவு செய்கிற தாய். ஆதலால் விஞ்ஞானிகளை உற்பத்தி செய்வது மட்டும் நம் வேலை அல்ல. யோசித்து நடக்கும் மனிதரை உண்டாக்குவதே முதல் வேலை.

அந்த வேலை இதுவரை நடந்திருக்கிறதா என்று பார்ப்போம்.

1995-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று இந்த நாடு முழுவதும் ஒரு பேச்சுக் கிளம்பியது. டில்லியிலிருந்து சென்னை வரையில் ஜனங்கள் பாலும் கரண்டியுமாக வரிசையில் நின்றார்கள். வெளிநாடுகளில் குடியேறிய நம்மவர்களும் நின்றார்கள். சர்க்கார் அனுப்பிய விஞ்ஞானிகள் பாலில் சாயத்தைக் கலந்து கொடுத்துப் பார்த்ததில், பால் உள்ளே போகவில்லை, கரண்டியிலிருந்து இழுக்கப்பட்டுச் சிலையின்மேல் மெல்லிய படலமாக வழிந்து கீழே போகிறது என்பது கண்ணால் தெரிந்தது. இதற்குக் காரணமான பரப்பு இழுவிசை பள்ளிப் பாடத்திலேயே இருக்கிற விஷயம். வரிசையில் நின்றவர்களில் அதைப் படித்து மார்க்கு வாங்கினவர்கள் எத்தனை பேர்! அவர்கள் படித்தது பொய்யல்ல. ஆனால் அது பரீட்சைத் தாளோடு நின்றுவிட்டது. பரீட்சைக்கு ஒரு பதில், வீட்டுக்கு ஒரு பதில் என்று இரண்டு பதில்களையும் சண்டையில்லாமல் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொள்ளுவதற்கு நம் பள்ளிக்கூடம் பழக்கியிருக்கிறது.

2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி கோயமுத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை ஆகிய பக்கங்களில் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. காலை 9.30 மணி வாக்கில் சுமார் மூன்று நிமிஷ நேரம் அந்த வளையம் நின்றது. சூரியனை நேரே வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது; அதற்கென்று செய்த கண்ணாடி வேண்டும் என்பது உண்மை. ஆனால் அட்டையில் ஊசித்துளை போட்டுத் தரையில் விழுகிற பிம்பத்தைப் பார்க்க ஒரு காசும் செலவில்லை. மரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சப் புள்ளிகளெல்லாம் அன்று பிறையாகவும் வளையமாகவும் விழுந்தன. இதையெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டின உபாத்தியாயர்கள் இருந்தார்கள்; அவர்களைப் பாராட்டுகிறோம். கதவைச் சாத்திக்கொண்டு, உணவுப் பண்டங்களின்மேல் தர்ப்பையைப் போட்டு வைத்த வீடுகளும் இருந்தன. அவற்றில் விஞ்ஞானம் போதிக்கிறவர் வீடு ஒன்றாவது இருந்திருக்குமானால், அந்த வீட்டுப் பிள்ளை எதை நம்பும்? வகுப்பில் பேசினதையா, வீட்டில் செய்ததையா?

இதற்காக நாம் வகுப்பில் நின்றுகொண்டு, “இதெல்லாம் மூடத்தனம்” என்று திட்டிவிட்டால் வேலை முடிந்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். பாட்டி சொன்னதற்காக நம்பின பிள்ளை, இனிமேல் வாத்தியார் சொன்னதற்காக நம்பாமலிருக்கும். அவ்வளவுதானே வித்தியாசம்? ஒரு குருவைத் தள்ளி இன்னொரு குருவை உட்கார வைப்பது பகுத்தறிவாகாது. கிரகண வேளையில் வெளியே வைத்த சோறு கெட்டுப்போகும் என்கிறார்களா? ஒரே பானைச் சோற்றை இரண்டு கிண்ணத்தில் போட்டு, ஒன்றைக் கிரகணம் படுகிற இடத்திலும் மற்றொன்றைப் படாத இடத்திலும், சூடும் மூடியும் ஒன்றுபோல் இருக்கும்படி வைத்து, பிறகு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்தது என்ன என்பதைப் பிள்ளையே எழுதட்டும். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பாட்டியோடு சண்டை போடாது; பாட்டிக்கும் காட்டும். வைவதைவிட இது வலிமையானது.

அம்மை நோயின் கதை இதற்கு நல்ல சாட்சி. பெரியம்மை கண்டால் ஆத்தாள் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி, மருந்து கொடுக்காமல் வைத்திருந்த நாடு இது. 1796-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜென்னர் என்கிற வைத்தியர், மாட்டம்மை கண்ட பால்காரப் பெண்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்று கிராமத்தில் பேசிக்கொண்டதைச் சோதித்துப் பார்த்தார். கிராமத்துப் பேச்சு என்று அவர் தள்ளவுமில்லை, பேச்சென்பதற்காக நம்பிவிடவுமில்லை. சோதித்தார். அந்தச் சோதனையிலிருந்து பிறந்த அம்மைப்பால் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்து, இந்தியாவில் 1975-ஆம் ஆண்டோடு பெரியம்மை ஒழிந்தது. 1980-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஒழிந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. ஆத்தாளின் கோபம் ஊசிக்குப் பயந்து ஓடிப்போயிற்றா, அல்லது அது கோபமே அல்லவா என்பதைப் பிள்ளைகளே யோசித்துக்கொள்ளட்டும்.

சரி, இப்படிப் போதிக்க முடியுமா, சர்க்கார் பள்ளிக்கூடத்தில் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. எங்கோ சீமையில் அல்ல, இந்த நாட்டில், மத்தியப் பிரதேசத்தில், இப்போது நர்மதாபுரம் என்று பெயர் மாற்றப்பட்டிருக்கும் ஹோஷங்காபாத் ஜில்லாவில் நடந்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டு அங்கே பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு புது முறையை ஆரம்பித்தார்கள். பம்பாயில் பெரிய ஆராய்ச்சி நிலையத்து வேலையை விட்டு வந்த அனில் சத்கோபால் என்கிற விஞ்ஞானியும், அவரோடு சேர்ந்தவர்களும், கிராமத்து உபாத்தியாயர்களும் கூடிச் செய்த ஏற்பாடு அது. 1978-ஆம் ஆண்டு ஜில்லாவிலுள்ள எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் அது பரவியது. 1982-ஆம் ஆண்டு அதை நடத்துவதற்கென்று ஏற்பட்ட ஸ்தாபனத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ஏகலவ்யா. கட்டைவிரல் இழந்த அந்தப் பையன் பெயர்தான்.

அந்த முறை என்ன? பிள்ளைகள் நான்கு நான்கு பேராகக் கூடி உட்கார்ந்து தாங்களே பரிசோதனை செய்வார்கள். பாடப்புத்தகத்தில் கேள்விகள் இருக்கும், விடைகள் இராது. விடையைச் சோதனை செய்து பார்த்துத்தான் எழுத வேண்டும். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம். ஏனெனில் கேட்பது ஞாபகத்தையல்ல, யோசனையை. கையால் செய்து காட்டும் பரீட்சையும் உண்டு. சவாலிராம் என்று ஒரு கற்பனை ஆசாமியை உண்டாக்கி, பிள்ளைகள் தங்கள் மனதிலுள்ள எந்தக் கேள்வியையும் அவர் பெயருக்குக் கடிதமாக எழுதலாம் என்று வைத்தார்கள். உபாத்தியாயர்களுக்குக் கோடை விடுமுறையில் பயிற்சி. அங்கே பிள்ளைகள் செய்ய வேண்டிய சோதனையை உபாத்தியாயர்களே முதலில் தம் கையால் செய்து, தவறி, விவாதித்துக் கற்றார்கள். மாதந்தோறும் கூடிப் பேசினார்கள்.

முப்பது வருஷம் நடந்த அந்த ஏற்பாட்டை 2002-ஆம் ஆண்டு அந்த ராஜ்யத்துச் சர்க்கார் நிறுத்திவிட்டது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டியது அவசியம். உத்தரவினால் வந்தது உத்தரவினால் போகலாம். ஆனால் ஒரு முறை தன் கையால் செய்து பார்த்து, “புத்தகத்தில் போட்டிருப்பது வேறு, எனக்கு வந்தது வேறு, ஏன்?” என்று கேட்டுவிட்ட பிள்ளையிடமிருந்து அந்தக் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ள எந்தச் சர்க்காராலும் ஆகாது. உபாத்தியாயர் ஊக்கத்துக்கு இதைவிட உறுதியான ஆதாரம் வேறென்ன வேண்டும்?

அந்த ஹோஷங்காபாத் ஏற்பாட்டுக்கு 1978-ஆம் ஆண்டு, மோட்டார் கம்பெனி ஒன்றில் என்ஜினீயராக இருந்த அரவிந்த் குப்தா என்பவர் லீவு போட்டுவிட்டு வந்தார். கிராமத்துச் சந்தையில் கிடைக்கிற தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் வைத்து அவர் உருவங்கள் செய்து காட்டினார். மூன்று குச்சிகளை மூன்று துண்டு டியூப்பினால் இணைத்தால் முக்கோணம். அழுத்தினாலும் உருவம் மாறாது. நான்கு குச்சிகளை இணைத்தால் சதுரம், தொட்டால் சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சி கொடுத்தால் நின்றுவிடும். இதைச் செய்த பிள்ளையை நிமிர்ந்து பள்ளிக்கூடத்து ஓட்டுக்கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கூரைச் சட்டத்தில் முக்கோணம் ஏன் இருக்கிறது என்பதை அதுவே உங்களுக்குச் சொல்லும்.

ஆகவே, சாமான் இல்லை என்கிற சமாதானம் இனிச் செல்லாது. ஒரு கயிறும் ஒரு கல்லும் போதும், ஊசல் ஆகிவிடும். ஒரு மீட்டர் நீளத்தில் கட்டினால் பத்து முறை போய்வருவதற்கு ஏறக்குறைய இருபது விநாடியாகும். கால் மீட்டராகக் குறைத்தால் பத்து விநாடியாகும். கல்லைப் பெரிதாக்கினால் என்னவாகும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். சீக்கிரம் ஆடும் என்பார்கள் சிலர், மெதுவாக ஆடும் என்பார்கள் சிலர். ஆட்டிப் பார்த்தால் இரண்டு கட்சியும் தோற்கும். அன்றைக்குப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளுவது ஊசலை மாத்திரமல்ல. கட்சியின் பலத்தால் உண்மை தீர்மானமாவதில்லை என்பதையுந்தான்.

மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் இரத்தச் சிவப்பாகிறது. வீடுதோறும் ஆரத்தி என்று சுற்றிக் கொட்டுகிற தண்ணீர் அதுதான். அதில் எலுமிச்சம்பழச் சாற்றைப் போதுமான அளவு பிழியுங்கள், மறுபடியும் மஞ்சளாகிவிடும். காரம், அமிலம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் ஒரு குழாயால் ஊதினால் பால்போல் கலங்குகிறது. நாம் விடுகிற மூச்சில் கரியமிலவாயு இருப்பதற்கு அது ருசு.

பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு குச்சியை நேராக நட்டு நிழலை அளக்கச் சொல்லுங்கள். நம் தமிழ்நாட்டில் வருஷத்தில் இரண்டு நாள் நடுப்பகலில் அந்த நிழல் இல்லாமலே போய்விடும். ஏப்ரலில் ஒரு நாள், ஆகஸ்டிலோ செப்டம்பர் முதலிலோ ஒரு நாள். மார்ச் 21-ந் தேதி வாக்கில் நிழலின் முனை நகருகிற இடத்தையெல்லாம் புள்ளி வைத்துப் பார்த்தால் நேர்கோடாக வரும். இரவும் பகலும் சமமாகிற நாள் அது. அந்த நாளுக்கு விஷு என்று பெயர். ஆனால் பஞ்சாங்கத்தில் சித்திரை விஷு வருவதோ ஏப்ரல் 14. ஏன் இந்த வித்தியாசம் என்று பிள்ளை கேட்கட்டும்.

இந்த வித்தியாசத்தை இந்தியச் சர்க்காருக்குக் கணக்குப் போட்டுச் சொன்ன கமிட்டியின் தலைவர் ஒரு நடுநிலைப் பள்ளிப் பிள்ளையாக இருந்தவர் என்பதால், அவர் கதையைக் கொஞ்சம் சொல்ல விரும்புகிறோம். மேகநாத சாஹா 1893-ஆம் ஆண்டு டாக்கா ஜில்லாவில் ஒரு குக்கிராமத்தில் பிறந்தார். தகப்பனாருக்குச் சின்ன மளிகைக் கடை. தாழ்ந்ததென்று ஒதுக்கப்பட்ட ஜாதி. ஆரம்பப் பள்ளியோடு நிறுத்திக் கடையில் உட்காரவைப்பதாகத்தான் வீட்டில் இருந்தது. நடுநிலைப் பள்ளி ஏழு மைலுக்கு அப்பால் இருந்தது. அந்த ஊர் வைத்தியர் ஒருவர் தம் வீட்டில் சாப்பாடும் இடமும் கொடுத்தபடியால் பையன் அங்கே போய்ப் படித்தான். பின்னால் கல்கத்தாவில் கல்லூரியில் படிக்கும்போதும், மேல்ஜாதி மாணவர்களோடு உட்கார்ந்து சாப்பிட இடமில்லை. அந்தச் சாஹாதான் 1920-ஆம் ஆண்டில், நட்சத்திரங்களிலிருந்து வருகிற ஒளியைக் கொண்டு அவற்றின் உஷ்ணத்தைத் தெரிந்துகொள்ளுவதற்கான சமன்பாட்டை வெளியிட்டார். உலகத்து வானநூலார் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். 1952-ஆம் ஆண்டு ஏற்பட்ட பஞ்சாங்கச் சீர்திருத்தக் கமிட்டிக்குத் தலைவராயிருந்து, வருஷப் பிறப்பு இருபத்துமூன்று நாள் பிசகியிருப்பதைக் கணக்கோடு எடுத்துக் காட்டினவரும் அவரே. பந்தியில் உட்காரக் கூடாதென்று தள்ளப்பட்டவர், பஞ்சாங்கத்தையே திருத்திக் கொடுத்தார். அந்த ஏழு மைலும், அந்த ஒரு வைத்தியரும் இல்லாவிட்டால் என்னவாகியிருக்கும்? உங்கள் வகுப்பில் கடைசிப் பலகையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோழர்களே! இந்த நாட்டில் விஞ்ஞானம் வளராமற்போனதற்குப் பல காரணங்களில் ஒரு முக்கிய காரணம், கை வேறு ஏடு வேறு என்று பிரித்து வைத்தது. ஏடு படித்தவன் கையால் வேலை செய்தால் இழிவு. கையால் வேலை செய்கிறவன் ஏட்டைத் தொட்டால் பாவம். விஞ்ஞானத்துக்கோ இரண்டும் சேர வேண்டும். சீமையில் மைக்கேல் பாரடே கொல்லர் மகன். புஸ்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை கற்க வந்த பையன். பைண்டு செய்யக் கொடுத்த புஸ்தகங்களைப் படித்தே விஞ்ஞானம் கற்றான். 1831-ஆம் ஆண்டு காந்தத்திலிருந்து மின்சாரம் உண்டாவதைக் கண்டுபிடித்தது அந்தக் கைதான்.

நம் ஊரில் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றினவர்கள், சூட்டில் இரும்பு விரியும், குளிரில் சுருங்கும் என்பதைப் புத்தகமில்லாமலே அறிந்தவர்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகும் என்பதைப் பனையேறுகிறவர் அறிவார். உவர்மண்ணில் அழுக்குப் போகும் என்பதை வெளுக்கிறவர் அறிவார். இவையெல்லாம் விஞ்ஞானப் பாடத்தில் இடம் பெற வேண்டும். இந்தத் தொழில்கள் இழிவு என்று சொல்லி வந்த வாய்க்கு, இவற்றில் இருக்கிற அறிவை வகுப்பில் எடுத்துச் சொல்லுவதே சரியான பதில்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பிள்ளையின் ஜாதியைச் சொல்லி எழுப்பி, “உன் அப்பன் தொழிலைச் சொல்” என்று கேட்பது மகா அக்கிரமம். அப்பன் தொழிலுக்கே பிள்ளையைத் திருப்பி அனுப்புவது அதைவிட அக்கிரமம். 1953-ஆம் ஆண்டு இந்தச் சென்னை ராஜ்யத்தில் ஒரு பகுதி நேரம் பள்ளிக்கூடம், மற்ற நேரம் தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்ததும், குலக்கல்வித் திட்டமென்று ஜனங்கள் அதை எதிர்த்ததும், 1954-ஆம் ஆண்டு அது கைவிடப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். நாம் சொல்லுவது அதற்கு நேர் விரோதமானது. எல்லாத் தொழிலின் அறிவும் எல்லாப் பிள்ளைக்கும் பாடமாகட்டும். எந்தப் பிள்ளையும் எந்த ஒரு தொழிலுக்கும் பிறப்பினால் கட்டுப்பட வேண்டாம் என்பதுதான் நம் கருத்து.

பெண் பிள்ளைகள் விஷயத்திலும் ஒரு வார்த்தை. சோதனை நடக்கும்போது பையன்கள் தொடுவதும், பெண்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுவதும், முடிந்தபின் பெண்கள் சாமானைக் கழுவி வைப்பதுமாக இருக்கிற வழக்கத்தை அனேக வகுப்புகளில் காணலாம். கழுவுகிற கைக்குப் பற்ற வைக்கவும் தெரியும், அளக்கவும் தெரியும். முறை வைத்து எல்லோரும் எல்லா வேலையும் செய்யும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

இனிக் காரியமாகச் செய்ய வேண்டியவை என்று நாம் நினைப்பதைச் சொல்லுகிறோம். முதலாவது, அந்த அலமாரியைத் திறவுங்கள். உடைகிறது உடையட்டும், எழுதி வையுங்கள். இரண்டாவது, வாரத்துக்கு ஒரு சோதனையாவது பிள்ளைகளே செய்யட்டும். மூன்றாவது, வகுப்பில் ஒரு தகரப் பெட்டியை வைத்து, பேர் எழுதாமல் எந்தக் கேள்வியையும் எழுதிப் போடலாம் என்று சொல்லுங்கள். வாரக் கடைசியில் திறந்து எல்லோருமாகப் பேசுங்கள். நான்காவது, தெரியாததைத் “தெரியாது, சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லப் பழகுங்கள். இப்படிச் சொன்னால் மரியாதை போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. தெரிந்ததாக நடிக்கிறவர் மரியாதைதான் ஒரு நாள் போகும். ஐந்தாவது, பக்கத்துப் பள்ளி உபாத்தியாயர்கள் பத்துப் பேர் மாதம் ஒரு முறை கூடி, யார் எந்தச் சோதனையைச் செய்தார்கள், எது சரியாக வரவில்லை என்று பேசிக்கொள்ளுங்கள். தனியாக இருக்கிறவருக்குத்தான் சலிப்பு சீக்கிரம் வரும்.

மேலே இருக்கிறவர்கள் கேட்டால் என்ன சொல்லுவது என்கிறீர்களா? 1976-ஆம் ஆண்டு திருத்தத்தினால் இந்திய அரசியல் சட்டத்தில் 51ஏ என்கிற பிரிவு சேர்க்கப்பட்டது. விஞ்ஞான மனப்பான்மையையும், ஆராய்ந்து பார்க்கும் உணர்ச்சியையும் வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே, பிள்ளையைக் கேள்வி கேட்கத் தூண்டுகிற உபாத்தியாயர் சட்டப்படி தம் கடமையைச் செய்கிறவர்.

பலன் எப்போது தெரியும் என்று சிலர் கேட்கிறார்கள். நெல் விதைத்தவனுக்கு மூன்று நான்கு மாதத்தில் தெரிகிறது. பனை விதைத்தவனுக்கு அப்படித் தெரிவதில்லை. பரீட்சையில் நூற்றுக்கு எத்தனை பேர் தேறினார்கள் என்பது நம் வேலையின் பலனில் ஒரு சிறு பகுதி. சென்ற மாதத்தைவிட இந்த மாதம் பிள்ளைகள் எத்தனை கேள்வி அதிகமாகக் கேட்டார்கள்? அவற்றில் எத்தனை கேள்விக்கு உங்களுக்கே பதில் தெரியாமலிருந்தது? இதை எண்ணிக் கொண்டு வாருங்கள். அந்த எண்ணிக்கை ஏற ஏற, உங்கள் வேலையில் உங்களுக்கே ருசி ஏறுவதைக் காண்பீர்கள். நாளைக்கு அந்தப் பெட்டியில் என்ன கேள்வி விழும் என்கிற ஆவலோடு பள்ளிக்கூடத்துக்குப் போகிற உபாத்தியாயருக்கு, ஊக்கத்தைப் பற்றி யாரும் வந்து பிரசங்கம் செய்ய வேண்டிய அவசியமே இராது.

கடைசியாக ஒன்று. இவ்வளவு நேரம் பேசிவிட்டோம் என்பதற்காக நாம் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளும்படி நாம் கேட்கவில்லை. விஞ்ஞான உபாத்தியாயர்களிடத்தில் அப்படிக் கேட்பது பொருத்தமுமல்ல. ஒரு மூன்று மாதம் இம்முறையில் நடத்திப் பாருங்கள். பலன் உண்டானால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள். எது எப்படியாயிருந்தாலும், செய்து பார்த்தது என்னவென்று அடுத்த கூட்டத்தில் வந்து சொல்லுங்கள்.